ஊர் திரும்பும் பட்டாளத்துக்காரனை வைத்துக் காதல் நாவல்: எங்கே சறுக்குகிறது?

2025 ஜூன் 8

ஒரு வாசகி கேட்டது: "முதல் நாவல் எழுதுறேன். நாயகன் மேஜர், வயசு 26, கார்கிலில் சண்டை போட்டவன். ஒரு வருஷ லீவில் சொந்த ஊருக்கு வர்றான். நாயகி அந்த ஊர் ஸ்கூல் டீச்சர். கதை நடப்பது இந்த வருஷம். எட்டு எபி (எபிசோட்) போட்டாச்சு. 'உருக்கமா இருக்கு, ஆனா நம்ப முடியல'ன்னு கமெண்ட் வருது. காதல் காட்சியில் என்ன தப்பு?"

காதல் காட்சியில் தப்பில்லைம்மா, காலண்டரில்தான் தப்பு. கார்கில் போர் 1999 மே முதல் ஜூலை வரை. இப்போது 26 வயசென்றால் உங்கள் நாயகன் பிறந்ததே அந்த வருஷம். அடுத்தது பதவி. அதிகாரியாகச் சேர்ந்தவர் லெப்டினன்ட்டாக ஆரம்பிப்பார். 2 வருஷத்தில் கேப்டன், 6 வருஷத்தில் மேஜர், 13 வருஷத்தில் லெப்டினன்ட் கர்னல். பள்ளி முடித்த கையோடு தேசியப் பாதுகாப்பு அகாடமியில் 3 வருஷம், டேராடூனில் 1 வருஷம் என்று போனவர்கூட 21, 22 வயசில்தான் தோளில் நட்சத்திரம் குத்துவார். மேஜர் ஆக 27, 28 ஆகிவிடும். ஊரில் சும்மா உட்கார்ந்து காதலிக்க ஒரு வருஷ லீவு யாருக்கும் கிடையாது.

இவ்வளவையும் வாசகர் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் தெருவுக்கு ஒரு பட்டாளத்து வீடு உள்ள ஊர்கள் நம்மிடம் நிறைய. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பேர். அங்கே ஒருத்தர் உங்கள் முதல் அத்தியாயத்தைப் படித்தால் எங்கே கையை எடுப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜூன் 9

நேற்று தப்பை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டேன். வழி இது: அவன் எப்படித் திரும்பி வருகிறான் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மீதிக் கதை அதிலிருந்துதான் முளைக்கும்.

லீவில் வருகிறவனுக்குத் திரும்பிப் போகும் தேதி வரும்போதே தெரியும். காதல் முழுக்க அந்தத் தேதிக்கு எதிராக ஓடும். எழுதச் சுலபம், வேகம் தானாக வரும்.

பென்ஷனில் வருகிறவனுக்குத் தேதி எதுவும் இல்லை, அதுதான் அவன் பிரச்சினை. ஜவானுக்குப் பென்ஷன் உறுதியாக 15 வருஷ சேவை வேண்டும். 18-ல் சேர்ந்தவன் 33 முதல் 35-க்குள் நாயக் (சிப்பாய்க்கு மேலுள்ளது) பதவியோடு சொந்த விருப்பத்தில் வெளியே வந்தால் காதல் கதைக்குத் தோதான வயசு. அதுவரை ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்பார்கள். இரண்டு தங்கை கல்யாணம், வீட்டுக் கடன் என்று இரண்டே வரியில் சொல்லிவிட்டுப் போங்கள். நம் ஊரில் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அதிகாரிதான் வேண்டுமென்றால் சென்னை பரங்கிமலை அகாடமியில் பயிற்சி எடுத்த குறுகிய கால சேவை அதிகாரியை எடுங்கள். 10 வருஷம், நீட்டித்தால் 14. பட்டப்படிப்பு முடித்து 24-ல் போனவன் 34-ல் மேஜராக, பென்ஷன் இல்லாமல், அடுத்து என்ன என்று தெரியாமல் ஊருக்கு வருவான். இவ்வளவு பொருத்தமான நாயகனை யாரும் ஏன் தொடுவதில்லை என்று எனக்குப் புரியவில்லை.

நாலாவது, நாலு வருஷத்துக்கு மட்டும் சேரும் அக்னிவீர். இவனைத் தனியாகப் பேச வேண்டும்.

ஜூன் 9, இரவு

காயத்தோடு வருகிறவனை விட்டுவிட்டேன். அது சின்ன விஷயமல்ல. பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 12

"ஜவானுக்கு 90 நாள் லீவுதானே, மூணு மாசத்தை ஒண்ணா வச்சு எழுதலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

கூட்டினால் 90 வரும். ஆனால் அது ஆண்டு விடுப்பு 60 நாள், தற்செயல் விடுப்பு 30 நாள் என்று தனித்தனி. இரண்டையும் ஒட்டி எடுக்க விதி இடம் தராது. யூனிட்டில் எல்லாரையும் ஒரே நேரத்தில் அனுப்பவும் முடியாது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் லீவு கேட்டு வரிசை நிற்கும். போன வருஷம் பொங்கலுக்கு வந்தவன் இந்த வருஷம் அடுத்தவனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

இதைத் தடையாகப் பார்க்காதீர்கள். 60 நாளை முதல் பாதியில் செலவழியுங்கள். இடையில் எட்டு மாசப் பிரிவு. பிறகு ஒரு 15 நாள் தற்செயல் விடுப்பு, அதில் வரப்போக ரயிலிலேயே எத்தனை நாள் போகும் என்று கணக்குப் போடுங்கள். மிச்சமுள்ள நாளில் அவன் வீட்டு வேலை, அம்மாவுக்கு ஆஸ்பத்திரி, தம்பிக்குக் கல்லூரி அட்மிஷன், நடுவில் அவள். எந்த மணிநேரத்தை யாருக்குக் கொடுத்தான் என்பதில் அவன் மனசு தெரிந்துவிடும். "உன்னைக் காதலிக்கிறேன்" என்று தனியாக ஒரு வசனமே வேண்டாம்.

ஜூன் 20

முதல் காட்சி பற்றி நிறைய பேர் கேட்டதால் ஒன்றை எடுத்துப் பிரித்துக் காட்டுகிறேன். வழக்கமாக வருவது இப்படி:

"கம்பீரமான ராணுவச் சீருடையில் பேருந்திலிருந்து இறங்கினான் அவன். ஊரே அவனைத் திரும்பிப் பார்த்தது. அவனது கழுகுப் பார்வை..."

லீவுக்கோ பென்ஷனுக்கோ வருகிறவர் சாதாரண பேன்ட், சட்டையில்தான் ரயிலில் வருவார். மூன்று நாள் படுத்து எழுந்து கசங்கிய சட்டை. துப்பாக்கி கிடையாது. அது யூனிட்டின் கோத்தில் (ஆயுத அறையில்) எண்ணிக்கையோடு பூட்டியிருக்கும். கையில் இருப்பது டிரங்குப் பெட்டி. அதிலிருந்து தொடங்கினால்:

"பெட்டிக்குக் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்திருந்தார். கறுப்புத் தகரப்பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர், ரேங்க், பேர். பின்படியில் நின்று இரண்டு கையாலும் இறக்கினான். பூக்கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். 'நாயக்' என்ற எழுத்துக்கு அடியில் 'சிப்பாய்' என்பது அழிந்தும் அழியாமலும் தெரிந்தது.

'லீவா தம்பி?' என்றார் கண்டக்டர்.

'இல்லண்ணே. வந்தாச்சு.'"

வயசு, சேவை, பதவி உயர்வு, திரும்பிப் போகமாட்டான் என்பது எல்லாமே பெட்டியின் மூடியிலும் இரண்டு வசனத்திலும் வந்துவிட்டன. ஊரே திரும்பிப் பார்க்கவில்லை, ஒருத்திதான் நிமிர்ந்தாள். கழுகுப் பார்வை வேண்டியதே இல்லை. அவள்தான் பார்க்கிறாள்.

பெட்டியைக் கதை முழுக்க விட்டுவிடாதீர்கள். அதில் ஒரு பூட்டு, உள்ளே கம்பளி வாசனை, மூடியின் உட்புறம் ஒட்டிய சாமி படம், ஒரு பழைய லீவு சர்டிபிகேட். பத்தாவது அத்தியாயத்தில் அவள் அதைத் திறப்பது முத்தக்காட்சியைவிட நெருக்கமாக இருக்கும்.

ஜூன் 21

ரயில் பற்றி ஒரு வரி. ஜம்மு பக்கத்துக் கட்ராவிலிருந்து கன்னியாகுமரி வரும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறைதான். மூன்று இரவுப் பயணம். வேலூர்ப் பக்கத்து ஆள் காட்பாடியில் இறங்கிவிடுவார். நாயகன் "காலையில் ஸ்ரீநகரில் கிளம்பி மாலையில் வீட்டு வாசலில்" என்று எழுதுவதென்றால் விமானத்துக்கு யார் காசு கொடுத்தது, ஏன் அவ்வளவு அவசரம் என்று ஒரு காரணம் வையுங்கள். அப்பா சாவு மாதிரி ஏதாவது ஒன்று.

ஜூலை 2

ஊரைப் பற்றிப் பேசுவோம். நாயகனுக்கு நாற்பது பக்கம் பின்கதை வைத்திருக்கிறவர்கள் ஊருக்கு "அழகிய சிறிய கிராமம், பச்சைப் பசேல் வயல்" என்ற ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஒரு தாளில் ஏழு இடம் வரையுங்கள்: பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, ரேஷன் கடை, கூட்டுறவு வங்கி, பள்ளிக்கூடம், கோயில், அவள் வேலை செய்யும் இடம். ஒவ்வொன்றுக்கும் நடுவே எத்தனை நிமிட நடை என்று எழுதுங்கள். யார் எந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். காலை பால் வாங்கும்போது அவர்கள் இருவரும் பேசியதைப் பார்த்த ஆள், அதை ரேஷன் வரிசையில் சொல்ல, பள்ளி விடும் நேரத்துக்கு அது அவள் சித்திக்குப் போய்ச் சேர வேண்டும். சின்ன ஊர்க் காதலில் வில்லனே தேவையில்லை, இந்தப் பாதை ஒன்றே போதும். அவர்கள் தனியாகப் பேச இடமே கிடைக்காத அளவுக்கு ஊரைச் சின்னதாக வையுங்கள். பிறகு ஒரே ஒரு இடம் கொடுங்கள்.

ஊர் அவனை எப்படிக் கூப்பிடும் என்பதும் முக்கியம். "மிலிட்டரி" என்பதே பேராகிவிடும். "மிலிட்டரி வந்துட்டாப்ல." முதல் வாரம் எல்லாரும் வந்து நலம் விசாரிப்பார்கள், பாதிப் பேர் கேன்டீன் பாட்டில் இருக்கிறதா என்று சாடையாகக் கேட்பார்கள். இரண்டாம் மாசம் "என்ன வேலைக்குப் போகப்போற?" என்பார்கள். நாலாம் மாசம் ஒரு ஏடிஎம் வாசலில் காவல் வேலை இருக்கிறது என்று யாரோ சொல்வார்கள். பனியில் பதினேழு வருஷம் நின்றவன் அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு டீ கிளாஸைக் கீழே வைக்கும் விதம்தான் உங்கள் நாவலின் நடுப்பகுதி. என் கணக்கில், எல்லையில் அவன் செய்த வீரத்தைவிட இந்த நாலாம் மாசத்தை அவன் தாண்டுவது பெரிய வீரம். காதல் பிறக்க வேண்டியதும் இங்கேதான். ஊர் அவனைப் படத்தில் வைத்துப் பார்க்கும்போது அவள் மட்டும் ஆளைப் பார்க்க வேண்டும்.

ஜூலை 3

கேன்டீன் பாட்டிலை நகைச்சுவையாக மட்டும் எழுதாதீர்கள். அது ஊரில் ஒரு நாணயம் மாதிரி. யாருக்குக் கொடுத்தான், யாருக்கு மறுத்தான் என்பதில் உறவு முறிந்த வீடுகள் உண்டு. அவள் அண்ணனுக்கு மறுத்தான் என்றால் உங்களுக்கு ஆறு அத்தியாயத்துக்குப் பகை கிடைத்துவிட்டது. மறுத்ததற்குக் காரணம் அவள்தான் என்று பதினைந்தாவதில் தெரியட்டும்.

ஜூலை 5

"நாயகி டீச்சர்தானே, அதில் என்ன பிரச்சினை?"

பிரச்சினை டீச்சரில் இல்லை. அவள் எந்த வகுப்புக்கு என்ன பாடம் எடுக்கிறாள், அரசுப் பள்ளியா தனியாரா, சம்பளத்தில் யாருக்கு எவ்வளவு போகிறது, எட்டு எபியில் ஒன்றுகூட வரவில்லையே. அவன் வருவதற்கு முன்பே அவளுக்கு ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். டெட் தேர்வோ, மாறுதல் கலந்தாய்வோ, அடகில் இருக்கும் வீட்டை மீட்பதோ. அவன் வருகை அந்தத் திட்டத்தில் இடற வேண்டும். ஒரு சோதனை: நாயகனைக் கதையிலிருந்து எடுத்துவிட்டுப் பாருங்கள். அவளுக்குச் சொல்ல ஒரு கதை மிஞ்சவில்லை என்றால் திரும்ப உட்காருங்கள்.

அழைக்கும் முறையிலும் கவனம். முதல் சந்திப்பிலேயே "டேய்" வேண்டாம். முறைப்பையன் என்றால் அவர்கள் வட்டாரத்தைப் பொறுத்து "மாமா" என்றோ "அத்தான்" என்றோ வரும். முறையே இல்லாதவன் என்றால் அவள் அவனுக்கு எந்தச் சொல்லும் வைக்காமல் "இங்க பாருங்க", "உங்களைத்தான்" என்று ஒப்பேற்றுவாள். அந்தச் சொல்லில்லாத் தவிப்பை இருபது அத்தியாயம் இழுக்கலாம். கடைசியில் அவள் எந்தச் சொல்லை எடுக்கிறாள் என்று வாசகர் காத்திருப்பார்.

ஜூலை 19

போன், கடிதம். இதில் வரும் பிழைகள் கொஞ்சநஞ்சமல்ல.

தமிழ்நாட்டில் வாங்கிய ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் எடுக்காது. போஸ்ட்பெய்டு வேண்டும், இல்லையென்றால் அங்கேயே வாங்கிய சிம். ஆகவே போஸ்டிங் மாறியதும் அவன் நம்பர் சில நாள் செத்துப்போவது இயல்பு. அவள் அதைத் தன்னைத் தவிர்ப்பதாக எடுத்துக்கொள்ளலாம். காரணமில்லாத சந்தேகத்தைவிட இது எவ்வளவோ மேல். 2020 ஜூலையில் 89 செயலிகளை அழிக்கச் சொல்லி ராணுவம் உத்தரவிட்டது, ஃபேஸ்புக்கும் அதில் உண்டு. 2021-ல் நடக்கும் கதையில் உங்கள் சிப்பாய் பங்கரிலிருந்து செல்ஃபி போட்டு நாயகியின் லைக்குக்காகக் காத்திருக்கக் கூடாது.

பழைய காலக் கதைக்குக் கடிதம்தான் தங்கம். முகவரியில் ஊர் பெயர் இருக்காது. நம்பர், ரேங்க், பேர், யூனிட், கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) அல்லது 99 ஏ.பி.ஓ. அவ்வளவுதான். 99 என்றால் கிழக்குப் பக்கம். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அவன் எந்த மலையில் இருக்கிறான் என்று தெரியாமல் ஒரு எண்ணுக்கு எழுதிக்கொண்டே இருக்கிறாள். 56 என்று போட்டுப் பழகிய கை ஒருநாள் 99 என்று எழுத வேண்டி வரும்போது அவள் பேனா நிற்கட்டும்.

ஆகஸ்ட் 3

காயம். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

சியாச்சின் நாயகர்கள் நம் தொடர்களில் நிறைய. அதனால் உடம்பில் ஆரம்பிப்போம். மேலே போகிறவரை நேராக அனுப்பமாட்டார்கள். 9,000 அடிக்கு மேல் 6 நாள், 12,000-க்கு மேல் 4 நாள், 15,000-க்கு மேல் இன்னொரு 4 நாள் என்று நிறுத்தி நிறுத்தி உடம்பைப் பழக்குவார்கள். தாலி கட்டிய மறுநாள் அழைப்பு, அதற்கு மறுநாள் பனிமுகட்டில் சண்டை என்பது நடக்காது. அவசரமாக ஏற்றினால் குண்டு வேண்டாம், நுரையீரலில் நீர் கோத்தே ஆள் போய்விடுவார்.

பனிக்கடி விரல் நுனியிலும் கால் விரலிலும் மூக்கிலும் காதிலும் வரும். முதலில் மரத்து வெளுக்கும், பிறகு கொப்புளம், மோசமானால் கறுத்து விரலையே எடுக்க வேண்டிவரும். பிழைத்த விரலும் குளிர்பட்டால் பல வருஷம் வலிக்கும், தொட்டுணர்வு மங்கும். இதை ஊருக்குக் கொண்டுவாருங்கள். மார்கழி விடியலில் சட்டைப் பொத்தான் போட முடியாமல் நிற்கிறான். சில்லறை எண்ணும்போது இரண்டு நாணயம் ஒட்டியிருப்பது விரலுக்குத் தெரியவில்லை. அவள் கவனிக்கிறாள், ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் தட்டில் நாணயங்களைப் பரப்பி வைத்து நீட்டுகிறாள். நெஞ்சில் குண்டுத் தழும்பு காட்டுவதைவிட எனக்கு இது பல மடங்கு கனமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 4

மனக்காயத்தைச் சொல்லாமல் நேற்று முடித்தது சரியில்லை.

தீபாவளி வெடிச்சத்தத்தில் நாயகன் கட்டிலுக்கு அடியில் புகுவது தேய்ந்துபோன காட்சி. அப்படி நடப்பதே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது ஒன்றுதான் அடையாளம் என்று ஆக்கிவிட்டோம். தூக்கம் துண்டு துண்டாக வருவது, டீக்கடையில் வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவது, கூட்டத்தில் முதுகை யாருக்கும் காட்டாமல் நிற்பது, சின்னச் சத்தத்துக்கும் உடம்பு விறைப்பது, எதிலும் ஒட்டாமல் இருப்பது, திடீர்க் கோபம், செத்துப்போன கூட்டாளியின் வீட்டுக்குப் போகாமல் பல வருஷம் தள்ளிப்போடுவது எல்லாம் அதில் சேரும். கடைசியில் சொன்னதை வைத்தே ஒரு முழு நாவல் எழுதலாம்.

முக்கியமானது: அவள் காதல் அவனைக் குணப்படுத்தாது. மருத்துவம் குணப்படுத்தும், அதற்கும் காலம் பிடிக்கும். பென்ஷனில் வந்தவருக்கு 2003-ல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் இருக்கிறது. பாலிகிளினிக்கில் காட்டினால் மனநல மருத்துவருக்கு எழுதிக் கொடுப்பார்கள். அவன் அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் இரண்டு வாரம் வைத்துக்கொண்டு அலைவதை எழுதுங்கள். அவளுடைய வேலை பஸ் ஏறும்போது பக்கத்து சீட்டில் உட்காருவது வரைக்கும்தான். கோபத்தில் அவளை அடித்துவிட்டு "யுத்தம் என்னை இப்படி ஆக்கிடுச்சு" என்று அழும் நாயகனைத் தயவுசெய்து எழுதாதீர்கள். அதைக் காதலென்று படிக்கிற பதினெட்டு வயசுப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 17

சுதந்திர தினப் பட்டியல் வந்ததும் "என் நாயகனுக்கு எந்த விருது கொடுக்கலாம்?" என்று கேள்வி.

பரம் வீர் சக்ரா இதுவரை 21 பேருக்குத்தான். அதில் 14 பேருக்கு மறைவுக்குப் பின். உங்கள் நாயகனை 22-ஆவது ஆக்கினால் அவன் ஊர் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்க முடியாது, நாடே திரண்டு வரும். உங்கள் கதையின் அமைதி போய்விடும். சேனா மெடல் போதும். அறிவிப்பு ஜனவரி 26, ஆகஸ்ட் 15 இரண்டையும் ஒட்டி வரும். இன்னும் நன்றாக இருக்க, அவனுக்கு எதுவும் வேண்டாம், அவன் பக்கத்தில் இருந்தவனுக்குக் கிடைக்கட்டும்.

செப்டம்பர் 6

எல்லையில் நிற்பவர் எல்லாரும் ராணுவம் இல்லை. பாகிஸ்தானோடு உள்ள சர்வதேச எல்லையில் நிற்பது எல்லைப் பாதுகாப்புப் படை. அது உள்துறைக்குக் கீழே வரும். அங்கே சிப்பாய், நாயக் கிடையாது. கான்ஸ்டபிள், ஹெட் கான்ஸ்டபிள். 2004 ஜனவரிக்குப் பின் சேர்ந்தவர்களுக்கு ராணுவம் மாதிரியான பழைய பென்ஷனும் இல்லை. ஒரு தொடரில் நாயகன் முதல் அத்தியாயத்தில் ஒரு படை, பதினொன்றில் இன்னொரு படை. ரெஜிமெண்ட்டைத் தீர்மானித்து ஒரு சீட்டில் எழுதி மேஜையில் ஒட்டிவிடுங்கள்.

மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் பயிற்சி குன்னூர் வெலிங்டனில். போர் முழக்கம் "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு". கூட இருப்பவர்கள் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம். கட்டளை மட்டும் இந்தியில் வரும். ஆகையால் ஊர் வந்த பிறகும் அவன் வாயில் ஒன்றிரண்டு இந்திச் சொல் தங்கும். அத்தியாயத்துக்கு ஒன்று போதும். தேங்காயை எண்ணும்போது "ஏக், தோ" என்று தொடங்கி, பாதியில் உணர்ந்து தமிழுக்கு மாறுவதுபோல.

செப்டம்பர் 7

அளவு பற்றி. வாரம் இரண்டு எபி, எபிக்கு 1,200 முதல் 1,500 சொல், மொத்தம் 36 முதல் 40 எபி. கிட்டத்தட்ட 50,000 சொல். இதற்கு மேல் இழுத்தால் நடுவில் கடத்தல், விபத்து, ஞாபகமறதி என்று ஏதாவது கொண்டுவரத் தோன்றும். தோன்றினால் கதை 40-க்குள் முடியவேண்டியது என்று அர்த்தம்.

"லீவு ரத்து, உடனே திரும்பு" என்ற அழைப்பை எல்லாரும் 30-ஆவது எபியில் வைக்கிறார்கள். வைக்கலாம். ஆனால் எட்டாவதிலேயே பக்கத்து ஊர்க்காரன் ஒருத்தன் அப்படிப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனதைக் காட்டியிருக்க வேண்டும். அப்போதுதான் 30-ல் போன் அடிக்கும்போது வாசகருக்கு வயிறு கலங்கும்.

செப்டம்பர் 21

அக்னிவீர் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். 2022-ல் வந்த திட்டம். நாலு வருஷம், அதன்பின் அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் நிரந்தரமாக எடுக்கப்படுவார்கள். மற்றவர்களுக்குக் கையில் சுமார் 11.71 லட்சம், பென்ஷன் இல்லை. ஆண்டு லீவு 30 நாள்தான். திருமணமாகாதவர்களைத்தான் சேர்ப்பார்கள், அந்த நாலு வருஷமும் கல்யாணம் கூடாது.

ராணுவத்தின் முதல் தொகுதி 2023 ஜனவரியில் பயிற்சிக்குப் போனது. அப்படியென்றால் அவர்கள் திரும்பும் காலம் நெருங்கிவிட்டது. 22 வயசில் ஒருவன் திரும்பி வருகிறான். அவன் நண்பன் இப்போதுதான் கல்லூரி முடித்திருக்கிறான். அவளும்தான். அவன் எடுக்கப்பட்டானா இல்லையா என்று ஊரே கேட்கும், எடுக்கப்படாதது குற்றம் மாதிரி ஆகிவிடும். இந்த நாவலை யாராவது எழுதுங்கள். 35 வயசு நாயக்கின் கதையில் இருக்கும் களைப்பு இதில் இருக்காது, வேறு மாதிரி வலி இருக்கும்.

அக்டோபர் 12

ரகசியத் திருமணம் பற்றி. கோயிலில் மாலை மாற்றிவிட்டு மறுநாள் ரயிலேறிவிடுகிறான், அவள் மனைவி ஆகிவிட்டாள் என்று கதை போகிறது. ராணுவத்தில் திருமணம் பதிவானால்தான் திருமணம். அதற்குப் பேர் பார்ட் டூ ஆர்டர். சான்றிதழைக் கொடுத்து, யூனிட் வெளியிட்டு, ரெக்கார்ட் ஆபீஸில் அவள் பேர் ஏற வேண்டும். அது நடக்காமல் அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவள் ஒவ்வொரு மேஜையாக நின்று தன்னை நிரூபிக்க வேண்டும்.

பேர் ஏறியும் பிழை வரும். ஆதாரில் ஒரு எழுத்து, ரெக்கார்டில் வேறு எழுத்து. பிறந்த தேதி மாறியிருக்கும். இனிஷியல் அப்பாவுடையதா கணவருடையதா என்று குழம்பியிருக்கும். இதனால் பென்ஷன் மாதக்கணக்கில் நின்ற குடும்பங்கள் எத்தனையோ. காதல் நாவலில் இதற்கு என்ன வேலை என்கிறீர்களா? அவன் லீவில் வந்த மூன்றாம் நாளே அவளைக் கூட்டிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி அவள் பேரில் ஒரு எழுத்தைத் திருத்துகிறான். நாலு நாள் அதிலேயே போகிறது. அவளுக்குக் கோபம், சினிமாவுக்குக்கூடப் போகவில்லை என்று. ஏன் அவ்வளவு அவசரப்பட்டான் என்று அவளுக்குப் பின்னால்தான் புரியும்.

நவம்பர் 9

நவம்பரில் ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். ராணுவப் பென்ஷன் இப்போது ஸ்பர்ஷ் என்ற இணையத் தளத்தில் என்பதால் இ-சேவை மையங்களில் கூட்டம். நாயகி அப்படியொரு மையத்தில் இருப்பவள் என்று வையுங்கள். வரிசையில் எழுபது வயசு ஹவில்தார்கள், விதவைகள், அவர்கள் நடுவே 35 வயசு நாயக் ஒருத்தன். விரல் ரேகை எடுக்கவில்லை, பனி தின்ற நுனி. ஆகஸ்டில் சொன்ன விரலேதான். அவள் மூன்று தடவை முயன்று, துணியால் துடைத்து, வேறு விரல் வைக்கச் சொல்லி, கடைசியில் கருவிழிக் கருவியை எடுக்கிறாள். அவன் கண்ணைப் பார்ப்பது அவள் வேலை. திரையில் "உயிருடன் உள்ளார்" என்று வரும்வரை இருவரும் அசையக் கூடாது.

நவம்பர் 23

வீரமரணம் அடைந்தவரின் மனைவி நாயகி, திரும்பி வருகிறவன் கணவரின் நண்பன். "மறுமணம் செய்தால் விருதுத் தொகை நின்றுவிடும், கொழுந்தனைக் கட்டினால்தான் தொடரும்" என்பதை முடிச்சாக வைத்து ஒருவர் கேட்டிருக்கிறார். வீரதீர விருதுக்கான மாதத் தொகையில் அப்படியொரு நிபந்தனை இருந்தது உண்மை. 2017 நவம்பரில் எடுத்துவிட்டார்கள். கதை 2010-ல் நடந்தால் முடிச்சு நிற்கும், 2025-ல் நிற்காது. ஆனால் ஊரில் பழைய விதியையே சொல்லி அவளை மிரட்டும் மாமனார் 2025-லும் இருப்பார். விதி மாறியது அவளுக்குத் தெரியாது என்று வைத்தால் முடிச்சு முன்னைவிட இறுகும். யார் அவளுக்கு அதைச் சொல்வது? அவன் சொன்னால் சுயநலம் மாதிரி ஆகும். அதனால் சொல்லாமல், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் முகவரியை மட்டும் எழுதிக் கொடுக்கிறான்.

டிசம்பர் 7

ஜூனில் முதல் கேள்வி கேட்ட வாசகி திரும்ப எழுதியிருக்கிறார். மேஜரை நாயக் ஆக்கிவிட்டாராம், 34 வயசு, 16 வருஷ சேவை. டீச்சருக்கு மாறுதல் கலந்தாய்வு. 29 எபி வந்துவிட்டது. "கடைசியில் அவனுக்கு டிஎஸ்சியில் மறுபடி சேர அழைப்பு வருது. போகவைக்கலாமா?"

டிஎஸ்சி என்கிற பாதுகாப்பு காவல் படைக்கு ஓய்வுபெற்ற ஜவான்கள் திரும்பப் போவது வழக்கம்தான். ஆயுதக் கிடங்கு, தொழிற்சாலை, விமானத்தளம் என்று காவல். எங்கே போடுவார்களோ அங்கே போக வேண்டும். முடிவை அவன் ஒருவனே எடுக்கவும் வேண்டாம், அவள் கண்ணீரால் தடுக்கவும் வேண்டாம். உங்கள் 22-ஆவது எபியில் அவளுக்குக் கலந்தாய்வில் இரண்டு ஊர் காட்டியிருக்கிறீர்கள். அந்தத் தாளையும் அவன் அழைப்புக் கடிதத்தையும் ஒரே மேஜையில் வையுங்கள். அவன் காலண்டரை எடுக்கட்டும். தேதி குறிக்கும் பேனா இந்த முறை அவள் கையில் இருக்கட்டும்.

டிசம்பர் 7, சற்றுப் பிறகு

டிரங்குப் பெட்டியை 14-ஆவது எபிக்குப் பிறகு மறந்துவிட்டீர்கள். போவதானால் அதில் நம்பரை மறுபடி எழுத வேண்டியிருக்கும். பெயின்ட் டப்பா அவர்கள் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.